வழியில் இறங்குகிறவர்கள்

சுடலைமணி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே எஸ்டேட் லயத்து வீட்டு வாசலுக்கு வந்தபோது, ஜீப்பில் ஐந்து பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர்கூட அவன் குடும்பத்து ஆள் இல்லை.

"யாரு சார் நீங்க? இன்னைக்கு இந்த வண்டி ட்ரிப் போகாது. எறங்குங்க."

முன்சீட்டில் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் இறங்குவதற்குப் பதிலாகக் கும்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. நாங்க கொழிஞ்சாம்பாறைப் பக்கமுங்க. பேசி வெச்ச வண்டி வரலீங்க. ஸ்டாண்டுல ஒரு வண்டி இல்ல. நடந்து வந்துட்டிருந்தோம், இந்த ஜீப்பப் பாத்ததும் கொழந்தைக தாவி ஏறிக்கிச்சுங்க. கொழந்தைக ஏறுனா நாங்களும் ஏறித்தானுங்களே ஆகோணும்?"

அவர் பெயர் ரத்தினசாமி. தென்னந்தோப்புக்காரர். பின்னால் அவர் மனைவி கோமதி, ஒரு பையன், ஒரு பெண், மடியில் தூங்கும் கைக்குழந்தை. பார்த்தால் நல்ல மனிதர்கள். அதுதான் சிக்கல். மோசமான ஆட்களாக இருந்திருந்தால் சுடலைமணி கத்தியாவது பார்த்திருப்பான்.

அவன் தொழிலே பிறத்தியார் பிள்ளைகளுக்கு மலையைச் சுற்றிக் காட்டுவதுதான். பள்ளிக்கூடம் லீவு விட்டால் ஏலப்பாறைப் பக்கம் கூட்டம் அள்ளும். அந்தக் கூட்டம் வடியும்போது லீவும் முடிந்திருக்கும். "அடுத்த லீவுக்குக் கண்டிப்பா ஆனைத்தலைப் பாறைக்குப் போறோம்" என்று மகள் சுபிக்ஷாவிடம் அவன் சொல்லத் தொடங்கியபோது அவளுக்கு முன்பல் விழுந்திருக்கவில்லை. இப்போது விழுந்து முளைத்தும் விட்டது. இந்த வருஷம் விஷு கழிந்த வாரம், ஜீப் முதலாளி ஜின்சனிடம் நாலு நாள் கெஞ்சி, ஒரு நாள் லீவும் வண்டியும் வாங்கியிருந்தான்.

"முடியாது சார். இது சொந்த வேலையா..." என்று அவன் தொடங்குவதற்குள், ஜீப் கதவில் எழுதியிருந்த நம்பருக்கு ரத்தினசாமியே போன் போட்டுவிட்டார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு போனை சுடலைமணியிடம் நீட்டினார்.

"மணி," என்றது ஜின்சனின் குரல். "பாறை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டித் திரும்பக் கொண்டு விடு. அதுக்கப்புறம் நாள் முழுக்க உனக்குத்தானே?"

சுடலைமணிக்கு மலைப்பாதையில் எந்த வளைவிலும் வண்டியைத் திருப்பத் தெரியும். 'முடியாது' என்ற ஒரு சொல்லை முதலாளியிடம் சொல்ல மட்டும் அவன் நாக்கு திரும்பாது.

"சரி முதலாளி," என்றான்.

முருகேஸ்வரி பிள்ளைகளோடு வெளியே வர, சுடலைமணி அவர்களை ஜீப்புக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டான். சுபிக்ஷா பொங்கலுக்கு எடுத்த பாவாடையில் இருந்தாள். நாலு வயது நித்திஷ் தலையில் எண்ணெய் வழிய வழியப் படிய வாரியிருந்தது. முருகேஸ்வரி கையில் எலுமிச்சம் சோற்றுத் தூக்குச்சட்டி.

"யாருங்க இவுக?"

"முதலாளி சொல்லிட்டாரு. பாறைக்குப் போயிட்டு வந்திருதேன். நீங்க செத்த நேரம்..."

சுபிக்ஷா குனிந்துகொண்டாள். பாவாடையின் கொசுவத்தைச் சரிசெய்தாள். அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஏறுங்க," என்றான் சட்டென்று. "நாமளும் பாறைக்குத்தான போறோம்? எல்லாரும் சேந்தே போயிருவோம்."

அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. முருகேஸ்வரியும் பிள்ளைகளும் பின்பக்கம் ஏறி ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்ததும் ரத்தினசாமி திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, முழு வண்டிதானுங்களே பேசுனது? இவங்க யாருங்க?"

'என் வீட்டுக்காரங்க' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் சொன்னால் அவர் மறுபடி ஜின்சனுக்குப் போன் போடுவார். ஜின்சன் அவர்களை இறக்கிவிடச் சொல்வான். இதெல்லாம் சுடலைமணி பிற்பாடு யோசித்துக் கண்டுபிடித்த காரணம். அந்தக் கணத்தில் வாய் தானாகவே பேசிவிட்டது.

"எஸ்டேட் ஆளுங்க சார். போற வழியில எறங்கிக்கிடுவாங்க."

கண்ணாடியில் முருகேஸ்வரியின் முகம் தெரிந்தது. அவன் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பிவிட்டான்.

"அப்பா! நான் முன்னாடி..." என்று நித்திஷ் எழுந்தான். சுபிக்ஷா அவன் வாயைப் பொத்தி மடியில் இழுத்துக்கொண்டாள்.

கோமதிக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், அப்பனத் தேடுதாட்ட இருக்குது. இவிங்கப்பா எங்கம்மா?"

"வேலைக்குப் போயிருக்காருங்க," என்றாள் முருகேஸ்வரி. "அவருக்கு லீவே கெடைக்காது."

"இந்தப் பள்ளிக்கூட லீவுலகோட எங்கியும் கூட்டிட்டுப் போகலியா?"

"வருஷா வருஷம் சொல்லுவாரு."

ஜீப் கியர் மாறும்போது கரகரவென்று கத்தியது. ரத்தினசாமி தலையை ஆட்டினார்.

"சில ஆம்பளைங்க அப்பிடித்தானுங்க தம்பி. பெத்துப் போட்டாப் போதும்னு நெனச்சுக்கறாங்க. என்னங்க?"

"ஆமா சார்."

"உங்களுக்குக் கொழந்தைங்க?"

"ரெண்டு சார்."

"எங்கியாச்சும் கூட்டிட்டுப் போவீங்களா?"

"இன்னைக்குத்தான் சார்... கூட்டிட்டுப் போறதா இருந்தேன்."

"அடடா! எங்களால கெட்டுப் போச்சுங்களா?" ரத்தினசாமி உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஊட்டுல ரொம்ப ஏமாந்திருக்குங்களா கொழந்தைங்க?"

"டிரைவரண்ணே," என்றது பின்னாலிருந்து சுபிக்ஷாவின் குரல். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

சுடலைமணி ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

கோமதியின் பிள்ளைகளுக்குப் பசி வந்தது. வழியில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. அந்தப் பெண் சிணுங்க, பையன் அலற, கைக்குழந்தையும் விழித்து அழத் தொடங்கியது. ஏதாவது செய்து அழுகையை நிறுத்த வேண்டும் என்று சுடலைமணி தவித்தான்.

"ஏம்மா, அந்தத் தூக்குச்சட்டியில ஏதும் இருந்தா குடுங்களேன்," என்றான், யாரோ ஒருத்தியிடம் கேட்பதுபோல.

முருகேஸ்வரி சட்டியைத் திறந்தாள். எலுமிச்சம் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் பிளாஸ்டிக் மூடியில் வரிசையாகப் பரிமாறப்பட்டன. கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகள் அடிச்சட்டி வரைக்கும் வழித்துத் தின்றார்கள். பாறையில் உட்கார்ந்து தின்பதற்காக விடிவதற்கு முன் எழுந்து அவள் கிளறிய சோறு அது.

அந்தச் சோறுதான் எல்லாவற்றையும் இன்னும் மோசமாக்கியது. ரத்தினசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, இவங்கள வழியில எறக்கி உட வேண்டாமுங்க. நம்ம கூடவே பாறைக்கு வரட்டும். அப்பன்காரன் காட்டாட்டிப் போறான், நான் காட்டறேன்."

ஆனைத்தலைப் பாறைக்குக் கீழே ஒரு சரிவில்தான் ஜீப்புகளை நிறுத்த வேண்டும். அங்கிருந்து மேலே நடைதான். ரத்தினசாமி நித்திஷைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். சுபிக்ஷாவின் கையைக் கோமதி பிடித்துக்கொண்டாள். சுடலைமணியும் கதவைச் சாத்திவிட்டு இரண்டு எட்டு வைத்தான்.

"தம்பி, நீங்க எங்க வாரீங்க?" என்றார் ரத்தினசாமி. "சின்னது திரும்பத் தூங்கிருச்சுங்க. மேல காத்து ஒத்துக்காது. செத்த பாத்துக்குங்க. உங்களுக்கென்ன, தெனம் பாக்கற பாறைதானுங்களே?"

ஆக, சுடலைமணி ஊரார் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்திருந்தான். அவன் பிள்ளைகள் ஊரார் தோளில் ஏறி மலையைப் பார்த்தார்கள். மேலே நித்திஷ் கைதட்டிச் சிரிக்கும் சத்தம் காற்றில் வந்தது. எதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று தெரியவில்லை. தூரத்து அணைத் தண்ணீரையா, பாறை விளிம்பில் ஏறி வரும் மேகத்தையா? ஒவ்வொன்றையும் என்ன சொல்லிக் காட்ட வேண்டும் என்றுகூட அவன் யோசித்து வைத்திருந்தான். மடியில் இருந்த குழந்தை அவன் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியது.

கடைசியில் பொறுக்க முடியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டே மேலே ஏறினான். 'சார், இது என் பொண்டாட்டி பிள்ளைக' என்று சொல்லிவிட வேண்டியதுதான். மூச்சு வாங்க மேலே போய் நின்றதும் ரத்தினசாமி முகம் மலர்ந்து வரவேற்றார்.

"சரியான நேரத்துக்கு வந்தீங்க தம்பி! குரூப் போட்டோ ஒண்ணு எடுக்க ஆளில்லாம நின்னுட்டிருந்தோம்."

குழந்தையை வாங்கிக்கொண்டு போனை அவன் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு குடும்பங்களும் நெருங்கி நின்றன. முருகேஸ்வரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கோமதியின் பக்கத்தில் நின்றாள். ரத்தினசாமியின் தோளில் நித்திஷ். எல்லாரும் படத்தில் இருந்தார்கள்.

"டிரைவரண்ணே," என்றாள் சுபிக்ஷா. "எல்லாரையும் சிரிக்கச் சொல்லுங்க."

அவன் சிரிக்கச் சொன்னான். சிரித்தார்கள். படம் நன்றாக விழுந்தது.

இறங்கும்போது மூடுபனி கட்டத் தொடங்கியிருந்தது. டீ வேண்டும் என்று ரத்தினசாமி கேட்க, தேயிலைக் கொழுந்துக்காட்டை ஒட்டிய ஒரு வளைவில், காலையில் பூட்டிக் கிடந்த பெட்டிக்கடை முன்னால் சுடலைமணி ஜீப்பை நிறுத்தினான். ஜோமோன் என்ற மலையாளிப் பையன் நடத்துகிற கடை. அந்த வழியில் ஓடுகிற டிரைவர்கள் எல்லாரையும் அவனுக்குத் தெரியும். சுடலைமணி அங்கே நின்று டீ குடித்ததே இல்லை. ட்ரிப் அவசரத்தில் எங்கே நிற்பது?

ஜோமோன் டீயை ஆற்றிக்கொண்டே ஜீப்பை எட்டிப் பார்த்தான். முகமெல்லாம் பல்லானான்.

"மணிச்சேட்டா! இன்னைக்குக் குடும்பம் மொத்தம் உண்டல்லோ! பாரியா, பிள்ளைங்க, எல்லாரும்!"

ரத்தினசாமியின் கையில் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. முருகேஸ்வரியைப் பார்த்தார். சுபிக்ஷாவைப் பார்த்தார். அப்புறம் சுடலைமணியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவங்க... உங்க ஊட்டுக்காரங்களா?"

சுடலைமணி தலையை ஆட்டினான்.

"அந்தச் சோறு?"

"எங்களுக்குக் கட்டுனது சார்."

ரத்தினசாமி கிளாஸை அப்படியே பலகையில் வைத்தார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறங்கியிருப்பமேங்க தம்பி. உங்க மூஞ்சிக்கு நேராவே என்னென்னமோ பேசிட்டனே..." என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். கோமதி வந்து முருகேஸ்வரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்நேரம் பார்த்துக் காலியாக இறங்கிவந்த இன்னொரு டிரைவர் சுஜினின் ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தி, ஐந்து பேரும் ஏறிப் போனார்கள். வண்டி திரும்பி மறையும் வரை கோமதி பின்னால் பார்த்துக்கொண்டே போனாள்.

ஒருவழியாகச் சுடலைமணிக்குத் தன் குடும்பமும் ஜீப்பும் கிடைத்தன. ஆனால் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மூடுபனி பத்தடிக்கு அப்பால் எதையும் காட்டவில்லை. தூக்குச்சட்டி காலி.

அவன் சுபிக்ஷாவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். "பாப்பா, காலைல அப்பா அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எதுப்பா?"

"எஸ்டேட் ஆளுங்கன்னு."

"நாம எஸ்டேட் ஆளுங்கதானப்பா?" என்றாள் அவள், அவனைத் தேற்றுவதுபோல. பிறகு தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வளைவின் ஓரத்தில் இருந்த ஒரு கல்லை நோக்கி ஓடினாள். இருவரும் அதன்மேல் ஏறி, ரோட்டைப் பார்த்து நின்றார்கள்.

"ஏட்டி, ரோட்டுக்குப் போகாத!" என்று அவன் எழுந்தான்.

"விடுங்க," என்றாள் முருகேஸ்வரி. "அது அவுக எடந்தான். விழ மாட்டாக." சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

சுடலைமணி கடைப் பலகையில் உட்கார்ந்தான். ஜோமோன் கேட்காமலே ஒரு டீயை நீட்டினான்.

"எத்தனை ஊருப் பிள்ளைகள இந்த மலைக்குக் கொண்டாந்திருக்கேன்," என்றான் சுடலைமணி. "என் பிள்ளைகளுக்கு இந்த லீவுல ஒரு நாள் ஒழுங்கா அமையல ஜோமோனே. வீட்டுக்குள்ளயே கெடந்து போச்சுக பாவம்."

"யாரு பறஞ்சது வீட்டுல கெடந்துச்சுன்னு?" ஜோமோன் சிரித்தான். "சேச்சிக்குக் கொழுந்து பறிக்கிறது இப்போ இந்தக் காட்டுலதானே? லீவு விட்டதிலிருந்து குட்டிகள் ரெண்டும் கூட வரும். தலை வாரி, பவுடர் போட்டு, அந்தக் கல்லு மேல ஏறி நிக்கும். உங்க ஜீப் வரும்போது ரெண்டும் கையாட்டும்."

சுடலைமணி கல்லைப் பார்த்தான். தினமும் அந்த வளைவில் யாரோ பிள்ளைகள் நிற்பது அவன் ஓரக்கண்ணில் பட்டதுண்டு. பாதையில் குறுக்கே ஓடிவிடக் கூடாதே என்று பயந்தவனாக, வேகம் குறைக்காமல், ஹார்னை அழுத்திக்கொண்டே கடந்து போயிருக்கிறான்.

"நான்... நான் பாக்கவே இல்லயே ஜோமோனே."

ஜோமோன் குரலைத் தணித்துக்கொண்டு, கல்மேல் நிற்கும் பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மெதுவாப் பேசுங்க சேட்டா. அந்த ஹார்ன நீங்க தங்களுக்காகத்தான் அடிக்கிறதுன்னு ரெண்டும் நெனச்சிட்டிருக்கு."