காற்புள்ளியின் மாற்று ஏற்பாடு

எதற்கும் ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும் என்று அன்று காலை காற்புள்ளி பிரகடனம் செய்தார். கேட்பதற்கு மனைவி ஒருத்திதான் இருந்தாள். அவளும் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். நாலு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்திப் பேசுவதால் சக ஊழியர்கள் சூட்டிய பெயர் அது. வீட்டில் அந்த இடைவெளிகளை மனைவி நிரப்பிவிடுவாள்.

பிரகடனத்துக்குக் காரணம், பிராட்பேண்ட் முந்தின நாளிலிருந்து பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. பரணில் ஏறினார். தும்மினார். பழைய டயல்-அப் மோடத்தோடு இறங்கினார். டெலிபோன் ஒயரைப் பிடுங்கி அதில் செருகி, கம்ப்யூட்டரோடு இணைத்தார். மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, தொண்டையில் முள் சிக்கிய பூனை மாதிரி இருமியது. பிறகு இணையம் திறந்தது.

"பாத்தியா? இதைத்தான், தூக்கிப் போடச் சொன்ன."

"தப்புதாங்க. உங்க மூளை யாருக்கு வரும்?"

மணவாழ்க்கையில் இப்படியொரு வாக்கியத்தை அவர் கேட்டதே இல்லை. பிழை ஏதும் இருக்கிறதா என்று மனதுக்குள் இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். இல்லை.

"இது ஓடுறப்போ போன் வருமா?"

"வராது. யார் கூப்பிட்டாலும், பிஸின்னுதான் கேக்கும்."

"அதனால என்னங்க? ஏதாவது பெரிசா இறங்கட்டும். நீங்க அச்சகம் போனா நான் பாத்துக்குறேன்."

நெஞ்சு நிறைந்து ஒரு பேரகராதியை இறக்கவிட்டார்.

புகழ்ச்சியில் அவர் மறந்தது மாமியாரை. தினமும் அந்த வீட்டின் ஒரே போனில் மகள் குரலைக் கேட்டாக வேண்டும் அந்த அம்மாளுக்கு. "அதான் தினம் பேசுறீங்களே, எதுக்கு அத்தை அலைச்சல்?" என்று சொல்லிச் சொல்லியே அந்த அம்மாள் வருகையைத் தள்ளிப்போட்டு வந்தார் காற்புள்ளி. வந்தால் கம்ப்யூட்டர் அறை மாமியாருக்குப் போய்விடும். வீட்டில் காற்புள்ளிக்கென்று இருந்த நாலு சுவர் அது ஒன்றுதான்.

மோடம் நாள் கணக்கில் இருமியது. மனைவி அதற்குத் தூசிகூடத் துடைத்தாள். அகராதி 'அ'வைத் தாண்டுவதற்குள் வாசலில் டாக்ஸி நின்றது. இரண்டு பெட்டி, ஒரு தலையணை, மாமியார்.

"எப்ப அடிச்சாலும் பிஸி, பிஸி! பதறியடிச்சு ஓடி வரேன். நல்லாத்தானே இருக்கீங்க மாப்பிள்ளை?"

"இருந்தேன் அத்தை."

மனைவி பெட்டிகளைக் கம்ப்யூட்டர் அறைக்குள் தள்ளினாள். "பிராட்பேண்ட் சரியாகி இந்த மோடத்துக்கிட்டேருந்து போன் விடுபடுற வரைக்கும் நீ இங்கயே இரும்மா."

"ரொம்ப நாளாகுமாடி?"

"ஆகும்மா."

காற்புள்ளி மோடத்தைப் பிடுங்கி எறிந்தார். போனைச் செருகி பிராட்பேண்ட் கம்பெனியைக் கூப்பிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக எங்கேயும் நிறுத்தாமல் பேசினார்: "இத்தனை நாளா செத்துக் கிடக்குது ஒருத்தராவது எட்டிப் பாத்தீங்களா என்னய்யா கம்பெனி நடத்துறீங்க!"

மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்:

"நீங்க புகார் சொன்ன மறுநாளே எங்க ஆள் வந்தாரே சார். உங்க வீட்டம்மாதான் வாசல்லயே நிறுத்தி, 'இப்ப அவசரமில்ல, எங்கம்மா வந்து சேந்ததும் நானே கூப்பிடுறேன்'னு திருப்பி அனுப்பிட்டாங்க."