கதவிடுக்கில் வளர்ந்த விரல்கள்

நான் என் மனைவியைக் கொலை செய்யவில்லை. இதை எழுதித் தெரிவிக்க வேண்டிய நிலைமை எத்தனை கணவன்மாருக்கு வருமோ தெரியாது. எனக்குக் கல்யாணமான நாலாவது மாதமே வந்துவிட்டது.

அப்போது சிதம்பரத்தில் அண்ணாமலை நகரை ஒட்டி ஒரு பழைய வீட்டில் குடியிருந்தோம். சமையலறைக் கழிவிலிருந்து செடி வளர்க்கும் பைத்தியம் எனக்கு. கேரட் தலை, வெங்காய அடி, முளைவிட்ட உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கின் நுனி எதையும் குப்பைக்குப் போக விடமாட்டேன். டம்ளர், டப்பா, ஊறுகாய் பாட்டில் என்று எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி வைப்பேன். (என் மனைவி கலை பல் துலக்கும் டம்ளரிலும். சண்டை அங்கேதான் ஆரம்பம்.)

"ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்தக் குப்ப இருக்கணும்" என்றாள் ஒரு காலை. மாலை வேலை முடிந்து வந்தால் அவளும் இல்லை, செடிகளும் இல்லை. அவள் கடலூரில் அப்பா வீட்டுக்கும், செடிகள் குப்பைக்கும் போய்விட்டதாக முடிவு செய்துகொண்டேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. மாமனாரிடம் கேட்க ரோஷம் விடவில்லை.

மூன்றாவது வாரம், பூட்டியிருந்த ஸ்டோர் ரூமிலிருந்து வாடை வந்தது. சாவி கலையிடம். செத்த எலிதான் என்று ஊதுவத்தி கொளுத்தினேன். மறுநாள் வாடை எலியின் தகுதியைத் தாண்டிவிட்டது.

ஞாயிறு மதியம், அந்தக் கதவின் அடியில் கறையான் அரித்த சந்து வழியாக ஒரு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ரத்தமே இல்லாத வெளிறிய விரல். நுனியில் நகம் போல லேசான ஊதா.

"யாரு?" என்றேன். (பதில் வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

உள்ளே 'கடக்' என்று ஏதோ சாய்ந்தது.

திங்கட்கிழமை இரண்டு விரல்கள். சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் கோட்டைத் தாண்டி வந்திருந்தன. இரண்டும் ஜன்னல் பக்கம், அதாவது நான் உட்காரும் நாற்காலியை நோக்கி வளைந்திருந்தன. கலை பஸ் ஏறியதை நான் பார்த்தேனா? பார்க்கவேயில்லையே.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஹவுஸ் ஓனர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னா தம்பி இந்த நாத்தம்? வீட்ல அவுங்களப் பாத்தே ரொம்ப நாளாச்சே, எங்க?"

பதிலுக்கு விரல்களைக் காட்டினேன். அடுத்த நிமிடம் தெருவே எங்கள் வாசலில் நின்றது. என் போனைப் பிடுங்கி, மாமனாரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார் ஓனர்.

"பொண்ணு காலைலயே சிதம்பரம் பஸ் ஏறிட்டாளே! மணி மூணு ஆவுது, இன்னுமா வரல?"

கலையின் போன் அணைந்திருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்று காலை பஸ் ஏறியவள் ஒரு வாரமாக எப்படி நாறுவாள் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்படியானால் பஸ் ஏறியது யார் என்றுதான் யோசித்தேன்.

கடப்பாரையால் பூட்டை நெம்பினார்கள். கதவு திறந்தது. இருட்டறைத் தரையெங்கும் வெள்ளை வெள்ளையாகக் கொடிகள், வெளிச்சம் வந்த அந்த ஒரே கதவிடுக்கை நோக்கி ஊர்ந்திருந்தன. கவிழ்ந்த பாட்டில்களுக்கு நடுவே அழுகிய உருளைக்கிழங்குகள் கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தன.

"ஏன் பூட்ட ஒடைக்கிறீங்க? சாவி எங்கிட்ட இருக்குல்ல?"

வாசலில் கலை. கொலைகாரன் என்று பெயர் வாங்கியபோது வராத அலறல், அவளை உயிரோடு பார்த்ததும் எனக்கு வந்தது. ஓனரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் என்னை உதறப் பார்த்தார், முடியவில்லை.

அவள் கையில் இரண்டு மண்தொட்டிகள். அதற்காகக் கடை கடையாக அலைந்ததில் நேரமாகி, போனிலும் சார்ஜ் தீர்ந்திருக்கிறது.

"குப்பைல போட மனசு வரல. அதான் உள்ள வச்சிப் பூட்டிட்டுப் போனேன்" என்றாள் மெதுவாக.

இன்றும் மாமனார் போன் செய்தால் நலம் விசாரிப்பதில்லை. "மாப்ள, எம்பொண்ணு உசுரோட இருக்காளா?" என்பார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்: "இருக்கேம்பா, இன்னும் மொளைக்கல!"