நீலக் கயிறு கட்டிய கேக்

"நம்ம ஊரை விட்டு யாராவது போவாங்களா?"

நகராட்சி மன்றத்தைச் சுற்றிப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளில், முன்பல் விழுந்த ஒரு சிறுமி ஒருமுறை இப்படிக் கேட்டாள். தலைவர் ரூட்கர் ஆல்ஸ்டெர்லுண்ட் நாற்காலியை விட்டு எழுந்து பதில் சொன்னார்.

"ஏக்விக்குக்கு வந்தவங்க யாரும் போக மாட்டாங்க, கண்ணு."

சொன்னது அவருக்கே பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாளில் 'வந்தவர் போவதில்லை' என்ற வாசகம் எல்லாப் பேருந்து நிறுத்தங்களிலும் ஏறியது. ஊர் வளர்ந்ததும் உண்மைதான். ஸ்டாக்ஹோமில் வீடு கிடைக்காதவர்களெல்லாம் ரயிலேறி வந்து இங்கே இறங்க, ஓட்ஸ் விளைந்த வயலில் அடுக்குமாடிகள் எழும்பின. இப்போது நாற்பதாயிரமாவது ஆளை வரவேற்கச் சனிக்கிழமை சதுக்கத்தில் விழா. வாத்தியக் குழுவுக்கும் பத்திரிகை நிருபருக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த ஆளைக் கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டியவள் மக்கள் தொடர்பு அலுவலர் மைக்கென்.

புதன்கிழமை காலை, கணக்குப் பிரிவு தாகெ அவள் அறைக்குள் தலையை நீட்டினான்.

"ஆள் சிக்கியாச்சு. அஸ்மெரத்னு ஒரு அம்மா. ஸ்டேஷன் பக்கத்துப் புதுக் கட்டடம், நாலாவது மாடி. முதியோர் இல்லத்துல வேலை."

"நிச்சயமா?"

"எண்ணிக்கை பொய் சொல்லாது மைக்கென். மனுஷங்கதான் சொல்லுவாங்க."

மைக்கென் பூங்கொத்தோடும், பச்சை மார்சிபன் பாதாம் பூச்சின் மேல் 40 000 என்று எழுதிய கேக்கோடும் போய் அழைப்புமணியை அழுத்தினாள். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வீட்டு மணியை அழுத்துவது அந்த ஊரில் தீப்பிடித்தால் மட்டுமே வழக்கம். கதவு சங்கிலியளவு திறந்தது.

"பொதுச் சலவை அறையைச் சுத்தமாத்தான் விட்டுட்டு வந்தேன்" என்றது உள்ளிருந்து ஒரு பயந்த குரல்.

"அதுக்கில்லீங்க. நகராட்சியிலேர்ந்து வரேன்."

"வாடகையும் கட்டியாச்சு."

"கேக் கொண்டு வந்திருக்கேங்க."

சங்கிலி விழுந்தது. விஷயம் விளங்கியதும் அஸ்மெரத் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"குடி வந்ததிலேர்ந்து இந்த மணி இன்னைக்குத்தான் அடிக்குது. வேலை செய்யுதான்னே எனக்குத் தெரியாது."

அவள் காப்பி வைத்தாள். தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள். பெட்டியின் நாடாவை வெட்டிக் கத்தியை ஓங்கிய நேரத்தில் மைக்கெனின் செல்போன் ஒலித்தது.

"வெட்டிட்டியா?" என்றான் தாகெ.

"கத்தி கேக்குக்கு மேல நிக்குது."

"நிறுத்து. நேத்தே ஒருத்தர் ஊரை விட்டுப் போயிருக்காரு. இப்பத்தான் கணக்குல ஏறுச்சு. அந்தம்மா முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது."

மைக்கெனின் முகமும் மார்சிபன் நிறத்துக்கு வந்தது. "போனது யாருடா?"

"எங்களுக்கு எண்ணிக்கைதான் வரும். பேர் வராது."

எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அஸ்மெரத் கத்தியைக் கீழே வைத்தாள். கேக்கைப் பெட்டிக்குள் வைத்து, நாடா வெட்டுப்பட்டுவிட்டதால் சமையலறையிலிருந்து நீலக் கயிறு எடுத்து வந்து இரட்டை முடிச்சுப் போட்டாள்.

"பஸ்ஸுல குலுங்கும். கெட்டியாக் கட்டியிருக்கேன். அடுத்து வரவருக்கு நல்லபடியாப் போய்ச் சேரட்டும். நீங்க காப்பியைக் குடிங்க, ஆறிடும்."

ஒருவருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவதைவிடக் கனமான சுமையைக் கடவுள் இன்னும் படைக்கவில்லை. லிஃப்ட் இருந்தும் மைக்கென் நான்கு மாடியும் படியிலேயே இறங்கினாள்.

வியாழக்கிழமை ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. சரியாக நாற்பதாயிரம். கேக் அலுவலகக் குளிர்பெட்டியிலிருந்து மறுபடி கிளம்பியது.

"எங்க பாப்பாவா?" குழந்தையின் தகப்பன் வாசலிலேயே குதித்தான். அவனுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"இதெல்லாம் என்னங்க?"

"வீடு பத்தலைங்க. திங்கக்கிழமை பக்கத்து ஊருக்குக் குடிபோறோம். அங்க தோட்டம்லாம் இருக்கு." அவன் நீலக் கயிற்றைப் பார்த்தான். "கேக்கை மட்டும் வாங்கிக்கலாமா?"

மைக்கென் அதிர்ந்துபோய்க் கேக்கோடு அலுவலகம் திரும்பினாள். தலைவர் ரயிலைத் திட்டிக்கொண்டே தாமதமாக வந்து சேர்ந்தார். தினமும் யாராவது ரயிலைத் திட்டிக்கொண்டே வருகிற அலுவலகம் அது. செய்தியைக் கேட்டதும் மேல்கோட்டைக் கழற்ற மறந்து உட்கார்ந்துவிட்டார்.

"வந்தவர் போவதில்லைன்னு மேல பலகை, அதுக்குக் கீழ மூட்டை கட்டுற குடும்பத்தோட போட்டோவா?"

"நாற்பதாயிரத்து ஒண்ணாவது ஆளைத் தேடட்டுமா, ரூட்கர்?"

"நாற்பதாயிரத்து ஒண்ணுக்கு எவனாவது வாத்தியம் வாசிப்பானா?"

"அப்ப ஒரே வழிதான். செவ்வாய்க்கிழமை போனாரே, அவராலதான் எல்லாச் சிக்கலும். குடியிருப்புப் பதிவேடு வரி அலுவலகத்துலதானே இருக்கு, யார் எங்க குடியிருக்காங்கன்னு யார் கேட்டாலும் சொல்லுவாங்க. நான் கேட்டு, நேர்ல போய்க் கெஞ்சுறேன். அவர் மனசு மாறினா அஸ்மெரத்தே நாற்பதாயிரம். குழந்தை நாற்பதாயிரத்து ஒண்ணா நிம்மதியாத் தூங்கும்."

ரூட்கருக்குக் காப்பி புரையேறியது. தாகெ ஓடிவந்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

"வேண்டாம்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போறதும் வரதும் அவரவர் சொந்த விஷயம்."

"பஸ் ஸ்டாப் பூரா எழுதி வச்சது நீங்கதானே?"

அவர் அப்போதுதான் மேல்கோட்டைக் கழற்றினார். "கேக்கைத் திருப்பி வாங்கினப்ப அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. அவங்களே கயிறு போட்டுக் கட்டிக் குடுத்தாங்க. அடுத்தவருக்கு நல்லபடியாப் போய்ச் சேரணுமாம்."

மேசையிலிருந்த பெட்டியின் இரட்டை முடிச்சை ரூட்கர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரையும் கேக்காத. சனிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை தாகெ மூச்சிரைக்க வந்தான். "போனவர் போகலையாம். எழுதிக் குடுத்ததை வாபஸ் வாங்கிட்டாராம். அந்தம்மாதான் நாற்பதாயிரம்."

மைக்கென் நம்பவில்லை. அவனை மூன்று முறை பார்த்துவரச் சொன்னாள். மூன்று முறையும் நாற்பதாயிரத்து ஒன்று. குழந்தையைக் கழித்தால் அஸ்மெரத்.

சனிக்கிழமை சதுக்கத்தில் குளிர்காற்று. வாத்தியக்காரர்களின் விரல்கள் விறைத்துப் பாட்டு பாதி வேகத்தில் வந்தது. அஸ்மெரத் கத்தியை வாங்கினாள், ஆனால் வெட்டவில்லை.

"முதல்ல உங்க போனை அணைங்க" என்றாள் மைக்கெனிடம்.

கூட்டம் சிரித்தது. ரூட்கர் இரண்டே வாக்கியத்தில் பேச்சை முடித்துக்கொண்டது செய்தியாளருக்குப் பெரிய அதிர்ச்சி. நாலாவது மாடிக்காரர்கள் வரிசையாக வந்து அஸ்மெரத்திடம் பேர் சொல்லிக் கைகுலுக்கினார்கள். ஒருத்தி, "இனி மணி அடிச்சா பயப்படாதீங்க, நானாத்தான் இருக்கும்" என்றாள்.

எல்லோருக்கும் கொடுத்த பிறகு அஸ்மெரத் ஒரு பெரிய துண்டைத் தனியாகப் பெட்டியில் வைத்தாள். பையிலிருந்து நீலக் கயிறு வந்தது.

"போனவர் மனசு மாறினாருன்னு சொன்னீங்களே, அவருக்கு. எனக்காகத் தன் காரியத்தை விட்டவர். யாரா இருந்தாலும் சேத்துடுங்க."

திங்கட்கிழமை மைக்கென் வரி அலுவலகத்துக்குத் தொலைபேசினாள். நெடுநேரம் சங்கீதம் கேட்ட பிறகு ஓர் இளம் எழுத்தர் வந்தான்.

"ஏக்விக்கிலேர்ந்து போறேன்னு எழுதி, வெள்ளிக்கிழமை வேண்டாம்னவர்தானே? இருங்க, பாக்குறேன். ஸ்டாக்ஹோம்ல ஏரிக்கரைத் தெருங்க. அங்க ஒரு வாடகை வீட்டுக்குப் பதினெட்டு வயசிலேர்ந்து நானும் வரிசையில நிக்கிறேன், எங்கப்பாவும் நிக்கிறாரு. கைக்கு வந்ததை விட்டிருக்கான் பாருங்க. யாரோ ரூட்கர் ஆல்ஸ்டெர்லுண்டாம்."

மைக்கென் நன்றி சொல்லவும் மறந்து தொலைபேசியை வைத்தாள்.

ரூட்கர் மன்றக் கூட்டத்துக்குப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு அவர் அறைக்குள் போய், நீலக் கயிறு கட்டிய பெட்டியை மேசை நடுவில் வைத்தாள். பேர் எதுவும் எழுதவில்லை. வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. சன்னலுக்குக் கீழே அவருடைய பழைய மிதிவண்டி நின்றது. அன்று அவர் ரயிலைத் திட்டாமல் வந்திருந்தார்.