கூரை எழுபத்தைந்து, இழுவை பூஜ்யம்

எலிசாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சம்மதித்துவிட்டாள். அருமைநாயகத்துக்கு அதுதான் பயமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிச் சட்டென்று சம்மதித்தபோதெல்லாம் அவரிடமிருந்து ஏதாவது ஒன்று கைமாறிப் போயிருக்கிறது.

விஷயம் இதுதான். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் இருக்கும் அருமைநாயகம் புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருந்தார். எஸ்டேட் மாடல். பின்பக்கம் நீண்டு கிடக்கும். சீட்டை மடக்கினால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அதன் கூரையில் காக்கா உட்கார்ந்தால் இவருக்கு நெஞ்சு அடைக்கும். சாவி எப்போதும் சட்டைப் பையில். எலிசாளுக்கும் லைசென்ஸ் உண்டு, பழைய காரைப் பாதி நாள் ஓட்டியவளே அவள்தான். ஆனால் இந்தக் காரை அவள் ஓட்டுவது என்ற பேச்சே எழாதபடி மனுஷர் பார்த்துக்கொண்டார்.

அந்த நிம்மதியைக் கெடுக்க அறுப்பின் பண்டிகை வந்தது. பாறசாலைப் பக்கம், எலிசாள் பிறந்த ஊர்ச் சபையில், அவரவர் விளைவித்ததையும் செய்ததையும் ஆலயத்தில் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். வாழைக்குலை, சக்கை என்கிற பலாப்பழம், மரச்சீனிக் கிழங்கு எல்லாம் வரும். எலிசாள் கை தூக்கினால் லேசில் இறக்க மாட்டாள். போன வருடம் பழைய காரின் கூரையில் கட்டிக்கொண்டு வந்த குலைகளின் கறை, அந்தக் காரை விற்கிறவரை போகவில்லை.

ஆகவே அருமைநாயகம் வண்டியின் கையேட்டைக் கரைத்துக் குடித்தார். சாப்பாட்டு மேஜையில் சட்டம் போட்டார்.

"எட்டி, நல்லா கேட்டுக்கோ. கூரைமேல எழுபத்தஞ்சு கிலோதான். மேல மாட்டுற சட்டத்தோட எடையும் அதுல சேரும். ஒரு கிலோ கூடினாலும் வாரண்டி போச்சு."

"செரி. எந் தம்பிகிட்ட சின்ன டிரெய்லர் ஒண்ணு சும்மா கெடக்கு. பின்னால மாட்டி இழுத்தா?"

"இழுவை பூஜ்யம்! இந்த வண்டிக்குக் கொக்கியே கெடையாது. இழுத்தா மோட்டர் சூடாவும், பேட்டரி வத்தும், பாதி வழியில நிப்போம்."

"கம்பெனிக்காரன் சொன்னா பின்னே எதுக்கு வம்பு? நான் இந்த வருஷம் ஏலத்துல கையே தூக்கல்ல. போருமா?"

"சத்தியமா?"

"சத்தியமாட்டு."

ஞாயிற்றுக்கிழமை பைபாஸ் முழுக்க ஒரு கண்ணைப் பேட்டரி சதவிகிதத்திலும் மறு கண்ணை எலிசாள் முகத்திலும் வைத்துத்தான் ஓட்டினார். அவள் பாட்டுக்கு ஞானப்பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அவருக்கு இன்னும் பயம் கூடியது.

ஏலத்தில் எலிசாள் கைகளை மடியைவிட்டு எடுக்கவில்லை. எடுத்ததெல்லாம் அவளுடைய மூன்று தம்பிகள். ஒருவன் மரச்சீனிச் சாக்குகள், ஒருவன் தேங்காய், ஒருவன் குலைகள். எடுத்த கையோடு, "அக்காளுக்கு" என்று கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார்கள். மூத்தவளுக்குக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். அருமைநாயகம் தார்ப்பாயை விரித்துப் பின்பக்கத்தில் அடுக்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். கூரை தப்பித்தது, அது போதும்.

கடைசியில் கட்டில் வந்தது. பலாமரம். சபையைச் சேர்ந்த ஓர் ஆசாரி தன் காணிக்கையாகச் செய்து கொடுத்தது. எலிசாள் புருஷன் காதருகே குனிந்தாள்.

"இஞ்சேருங்க, இது எதுத்தாப்ல இருக்க சுனிலுக்குத்தான் போவும். அவரு விட மாட்டாருன்னு அவரு வீட்டுக்காரி ஷிபா சொன்னா. நீங்க சும்மா ரெண்டு ஏத்து ஏத்தி விடுங்க. ஆலயத்துக்கு ஆதாயந்தானே? கழக்கூட்டத்து சார் கையைக் கெட்டிட்டு நிக்காருன்னு எல்லாரும் ஒருமாதிரி பாக்காவ."

விலையை ஏற்றிவிடுவது அந்த ஊரில் கௌரவம். பொருள் இன்னொருவருக்கு, பெயர் நமக்கு. அருமைநாயகம் கை தூக்கினார். எதிரே சுனில் தூக்கினார். இவர் மீண்டும் தூக்கினார். அப்போது சுனிலின் மனைவி ஷிபா, எலிசாளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், ஒரு இருமல் இருமினாள். பாதி உயர்ந்த சுனிலின் கை அப்படியே வளைந்து பிடரியைச் சொறிந்தது.

"ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!"

சபையார் கை தட்டினார்கள். எலிசாள் ஒரு வருடமாக ஒரு பலாக்கட்டில் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் அருமைநாயகத்துக்கு ஞாபகம் வந்தது.

"கூரையில ஏத்த முடியாது!" என்று அலறினார். "எழுபத்தஞ்சுதான்!"

"கூரையில யாரு ஏத்தச் சொன்னா? கழத்தி உள்ள வைப்போம். எஸ்டேட்டு காருல்லா?"

தம்பிகள் கட்டிலைக் கழற்றினார்கள். மரச்சீனி நிறுக்கிற மேடைத் தராசில், எலிசாள் சொன்னபடி, எல்லாவற்றையும் நிறுத்தே ஏற்றினார்கள். முந்நூற்று முப்பது கிலோ. சட்டங்கள் பின்கதவிலிருந்து முன்சீட்டு வரை நீண்டன. மிச்சம் இருந்தது ஓட்டுகிறவர் சீட் மட்டும். அருமைநாயகம் ஓடிப்போய் அதில் உட்கார்ந்துகொண்டார்.

"நீ தம்பிகூட பைக்குல வந்துரு எலிசா."

"நில்லுங்க. ஆளும் சாமானும் சேத்து வண்டி எத்தற கிலோ தாங்கும்? கையேட்டுல கெடக்கும், வாசியுங்க."

ஊரே சுற்றி நின்றது. அவர் புரட்டினார். மெல்ல வாசித்தார். "நானூறு."

"செரி, எறங்கித் தராசுல நில்லுங்க."

போதகர் பார்த்துக்கொண்டிருக்க, அருமைநாயகம் மரச்சீனித் தராசில் ஏறி நின்றார். தொண்ணூற்றெட்டு. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கூட்டிப் பார்த்துக் கத்தின: "நானூத்தி இருபத்தெட்டு!" அடுத்து எலிசாள் ஏறினாள். ஐம்பத்தாறு. "முந்நூத்தி எம்பத்தாறு!" என்று பிள்ளைகள் குதித்தன.

"ரெண்டு சாக்கை எறக்கிரலாமே," என்றார் ஈனக்குரலில்.

"எந்தத் தம்பி தந்ததை எறக்க? பேரைச் சொல்லுங்க."

மூன்று தம்பிகளும் கை கட்டி நின்றார்கள். அவர் சாலைப் பக்கம் பார்த்தார். "சாமான் ஏத்துற பெட்டி ஓட்டோ?" என்று கேட்கும்போதே மழை தூற ஆரம்பித்தது. பாலிஷ் காயாத கட்டில் திறந்த வண்டியில் நனையும் என்று அவருக்கே தெரிந்தது.

எலிசாள் கையை நீட்டினாள். "சாவி."

அவர் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு கிலோ கூடினாலும் வாரண்டி போச்சுன்னு சொன்னது நீங்கதானே?"

சாவி கைமாறியது. "அப்போ நான்?" என்றார்.

"கூரையில வைக்கலாம்னா எழுபத்தஞ்சுதான். பின்னால கெட்டி இழுக்கவும் கம்பெனிக்காரன் சம்மதிக்கல்ல. பஸ் வரும்."

மின்சார வண்டி. போன சத்தம்கூட அவருக்குக் கேட்கவில்லை.

பஸ்ஸில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை நின்றுகொண்டேதான் வந்தார். வளைவில் எங்கே இடித்திருப்பாளோ, கட்டில் சட்டம் டேஷ்போர்டைக் குத்தியிருக்குமோ, சார்ஜ் தீர்ந்து பாலராமபுரத்தில் நிற்கிறாளோ என்று மனம் அடித்துக்கொண்டது. போன் அடித்தபோது பாதி உயிர் போய்விட்டது. மீதிப் பாதியில் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. ஓட்டத் தெரியாமல் கூப்பிடுகிறாள், கடைசியில் நாம்தான் வேண்டும்.

"என்ன ஆச்சு எலிசா? வண்டி எங்க நிக்கு?"

"வீட்டுல நிக்கு. ஒரு கீறல் இல்ல, கட்டிலைப் போட்டு நான் படுத்தும் பாத்தாச்சு. நாளைக்கு ஆபீசுக்கு நீங்க பஸ்ஸுலயே போவுங்க, நான் ஷிபாவை வண்டியில பொன்முடி மலைக்குக் கூட்டிட்டுப் போணும். அப்படி வாக்கு குடுத்ததுனாலதானே அவ அந்த இருமல் இருமினா?"