ஈரப்பதம் பார்த்த டிவி

தஞ்சாவூர் ஜில்லாவில் காவிரித் தண்ணீர் வந்து சேராத வருஷங்கள் உண்டு. ஆனால் ஒரு பொருளைப் பார்த்து ‘சரி, வாங்கலாம்’ என்று ஈரப்பதம் சொன்ன நாள் ஒன்றுகூடக் கிடையாது. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

ஈரப்பதம் என்பது ஒரு மனிதர். திருவிடைமருதூரில் எங்களுக்கு எதிர் வீட்டுக்காரர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்யும். தெருவில் யாருக்கும் அது தெரியாது. நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விவசாயி கொண்டுவந்து கொட்டிய நெல்லுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, முகர்ந்து, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து, “ஈரம் இருக்கு, காயட்டும்” என்று சொல்வார். ஈரம் பார்க்க மிஷின் வந்த பிறகும் பல்லைத்தான் நம்பினாராம். அவர் இருந்த காலத்தில் சுற்றுவட்டார ரோடுகளில் நெல் காய்ந்த காய்ச்சலில் பஸ்கள் வயல் ஓரமாகத் தவழ்ந்து போயின என்று இன்றும் சொல்வார்கள். அவரை வேலையிலிருந்து அனுப்பி வைத்தவர்கள் ‘காயட்டும்’ என்ற அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள். அதன் பலனை எங்கள் தெரு அனுபவித்தது.

காய்கறி வண்டி வந்தால் மேலே இருக்கும் கத்தரிக்காயைத் தொடவே மாட்டார். முழங்கை வரை கூடைக்குள் விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுப்பார். “மேல் மூட்டை எப்பவும் நல்லாத்தான் இருக்கும், நடு மூட்டையைப் பாக்கணும்” என்பார். வண்டிக்காரம்மா எங்கள் தெருமுனை வந்ததும் மணியடிப்பதை நிறுத்திவிட்டு வேகமாகத் தள்ளிக்கொண்டு போகப் பழகிவிட்டார். எங்களுக்குக் காய் கிடைக்காமல் போனதுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பெண் பார்க்க வந்தபோது, கூப்பிடாமலே போய் மாப்பிள்ளைப் பையன் அருகில் உட்கார்ந்தார். முதுகில் தட்டிப் பார்த்தார். உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். அது வியர்த்திருந்தது. அத்தனை பேர் பார்க்கும்போது யாருக்குத்தான் வியர்க்காது? “பையன் நல்ல பையன்தான். இன்னும் கொஞ்சம் காயட்டும்” என்றார். மாப்பிள்ளை வீட்டார் கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். அவர்களைச் சமாதானம் செய்து கல்யாணத்தை முடிப்பதற்குள் பெண்ணின் அப்பாவுக்குப் பாதி உயிர் போனது. அந்த மாப்பிள்ளை இன்றும் எங்கள் தெருவுக்கு வந்தால் வெயிலில் நிற்பதில்லை.

இதெல்லாம் ஊரார் பட்ட பாடு. எங்கள் பாடு மாலையில் தொடங்கும்.

அவர் மனைவி இறந்த கொஞ்ச நாளில் அவர் வீட்டு டிவியும் நின்றுபோனது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் புதிதாக ஒன்று வாங்கச் சொல்லிப் போன் மேல் போன் போட்டான். காயட்டும் என்று சொல்லிவிட்டு எங்கள் ஹாலுக்கு வந்தார். அன்றிலிருந்து விளக்கு வைத்ததும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் உட்காருவார். ரிமோட்டை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எங்கள் வீட்டு ரிமோட், எங்கள் வீட்டு மின்விசிறி, என் மனைவி போட்ட காபி.

என் மனைவி கல்யாணி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வரும் அவளுக்கு இருக்கும் ஒரே சொகுசு, தமிழில் பேசும் கொரியா நாட்டு சீரியல். அதை அவர் பார்க்கவிட்டால்தானே.

“அந்தப் பொண்ணு என்னத்துக்கும்மா அழுவுது?”

“புருஷன் அவளை விட்டுட்டுப் போறான் சார்.”

“கண்ணைப் பாரு. சொட்டு ஈரம் இல்ல. பொய் அழுகை.”

“சார், கொஞ்சம் கேக்க விடுங்களேன்.”

“கேளும்மா, கேளு. நான் என்ன சொல்றேன்னா, அவன் நல்ல பயலா இருந்தா மழைக் காலத்துல ஏன் கெளம்புறான்?”

விளம்பரம் வந்தால் இன்னும் மோசம். அந்த நேரத்துக்கென்றே நாள் பூராவும் சேர்த்து வைத்திருந்த பேச்சு எல்லாம் வெளியே வரும். சோப்பு விளம்பரத்தில் தொடங்கி, மேட்டூர் அணைக்குப் போய், யாரோ ஒருவரின் களத்தில் யாரோ நெல்லை நனையவிட்ட கதைக்கு வந்து சேருவார். அதற்குள் சீரியல் முடிந்து செய்தி ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பெண்ணின் புருஷன் ஏன் போனான் என்று கல்யாணிக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் சமையலறையில் என் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். கும்பகோணத்தில் ஒரு கடையில் ரீஃபர்பிஷ்டு டிவி தள்ளுபடியில் போட்டிருக்கிறார்கள். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்ததைப் பிரித்துச் சரிபார்த்து, பாதி விலைக்கு விற்கிறார்கள். அதில் ஒன்றை வாங்கி பெட்ரூமில் மாட்டிவிட வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

“யாரோ வேண்டாம்னு திருப்பிக் குடுத்ததாச்சே” என்றேன்.

“நம்ம வீட்டு சோபா யாரோடது? உங்க அக்கா வேண்டாம்னு குடுத்ததுதானே.”

“பெட்ரூம்ல டிவி இருந்தா தூக்கம் கெடும்கிறாங்க.”

“இப்ப மட்டும் தூங்குறோமா? படுத்துக்கிட்டு அவரைத் திட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்.”

எனக்கும் யோசனையாகத்தான் இருந்தது. சுவரில் மாட்டிய பிறகு கோடு கோடாக வந்தால் யாரிடம் போய் நிற்பது? வாரண்டி பாதிக் காலம்தான். பேசிப் பேசி, வாங்கலாம் என்று நான் இறங்கி வந்த நேரத்தில்தான் ஹாலில் டிவி சத்தமே கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். மனிதர் ஒலியை நிறுத்திவிட்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“தம்பி, பழைய டிவியா?” என்று குரல் வந்தது. “அதெல்லாம் பாத்து எடுக்கணும். நாளைக்கு நானும் வர்றேன்.”

பேய்க்குப் பயந்து வேப்பிலை பறிக்கப் போகும்போது, பேயும் கூடையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் மறுநாள் நாங்கள் மூன்று பேரும் கும்பகோணம் பஸ்ஸில் போனோம். ஜன்னலோர இருக்கையும் அவருக்குத்தான்.

எங்கள் பெட்ரூம் சுவருக்குப் பொருந்தும் அளவில் கடையில் ஒரே ஒரு டிவிதான் மிச்சமிருந்தது. பெட்டிகளின் அடுக்கில் உச்சியில் இருந்தது. கடைக்காரர் அதை இறக்கப் போனார்.

“அது வேண்டாம். அது மேல் மூட்டை” என்றார் ஈரப்பதம்.

“அய்யா, அந்த சைஸ்ல இது ஒண்ணுதாங்க இருக்கு.”

“இருக்கறது ஒண்ணு. அதையும் கொண்டுபோய் மேல வச்சிருக்கீங்க.”

கடைக்காரர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தெருவைப் பார்த்தோம். டிவியைப் பிரித்து மேஜையில் நிறுத்தி ஓடவிட்டார்கள். படம் பளிச்சென்று வந்தது. கல்யாணியின் முகமும் அப்படியே ஆனது. ஈரப்பதம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. டிவியின் பின்னால் போய்க் குனிந்து, காற்று போகும் சின்னச் சின்ன ஓட்டைகளில் மூக்கை வைத்து முகர்ந்தார். விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். அடுத்து பல்லைத்தான் வைப்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தபோது நிமிர்ந்தார்.

“உள்ள ஈரம் இருக்கு.”

“டிவிக்குள்ள என்னங்க ஈரம்?” என்று சண்டைக்குத் தயாரான கடைக்காரர், அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “அய்யா, நீங்க கொள்முதல் நிலையத்துல இருந்தீங்களே, அவங்கதானே? எங்களுக்குத் திருப்பனந்தாள் பக்கம். எங்கப்பா நெல்லு ஏத்திக்கிட்டு வருவாரு.”

“டிராக்டர்ல வருவாரு. பொன்னி போடுவாரு. எப்பவும் அவசரம் அவருக்கு, ஈரத்தோட கொண்டாந்துருவாரு.”

அவ்வளவுதான், ஆள் காலி. அப்பாவிடமிருந்து வயலோடு சேர்ந்து இந்தப் பயமும் வந்திருக்கும்போல. கைகட்டி நின்றார். “இப்ப என்னங்கய்யா செய்யணும்?” என்று கேட்டார்.

“வெயில்ல வைங்க.”

வைத்தார்கள். கேட்டால் யாரும் நம்பமாட்டீர்கள். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு டிவியை, அதை விற்க வேண்டிய மனிதரே தூக்கிக்கொண்டு போய், நடைபாதையில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் காயவைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பியும் வைத்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, வெள்ளத்தில் விழுந்த டிவியா என்று விசாரித்தார்கள். ஒருவர் தன் மிக்ஸியையும் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.

“சார், அது டிவி. நெல்லு இல்ல” என்றாள் கல்யாணி. பிள்ளைகளிடம் பேசும் குரல் அது. அதற்கு ஒரு பள்ளிக்கூடமே அடங்கும்.

“எல்லாம் ஒண்ணுதாம்மா. வீட்டுக்குள்ள எடுக்குறதுக்கு முன்னாடி காயணும்” என்றார் அவர். பிறகு திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “பத்தாது. அடுத்த வாரம் வருவோம்.”

ஏன் அங்கேயே அவரை மீறி வாங்கவில்லை என்று கேட்பீர்கள். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த பிறகு எந்தப் பொருளும் நமத்துப்போன அப்பளம்போல்தான் தெரியும். எனக்கே அந்தத் திரையில் லேசாக ஒரு ஈரம் தெரிந்தது. வெறுங்கையோடு பஸ் ஏறினோம். கல்யாணி எங்கள் இருவரையும் விட்டுத் தள்ளி, முன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் மதியம் பள்ளிக்கூடத்திலிருந்தே கடைக்குப் போன் போட்டு, யார் என்ன சொன்னாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள்.

“அது போயிருச்சே மேடம்” என்றார் கடைக்காரர்.

“யாருக்கு?”

“உங்ககூட வந்தாங்களே, அந்த அய்யாவுக்குத்தான். காலையில கடை தெறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னாங்க.”

கல்யாணி போனில் இதைச் சொன்னதும் எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் காபியைக் குடித்து, எங்கள் ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டு, எங்கள் டிவியை வெயிலில் காயவைத்துவிட்டு, அதையே போய் வாங்கிக்கொள்வதென்றால் என்ன அநியாயம் இது? அலுவலகத்திலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. டிவி இருந்தது. பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மழைக்கு மூட்டை அடுக்குவதுபோல, தரையில் ஈரம் ஏறாமல் அடியில் கட்டை கொடுத்து, மேலே படுதா போட்டு மூடி வைத்திருந்தார்.

“என்ன சார் இது?” என்றேன்.

“டிவி.”

“அது தெரியுது. ஏன் வாங்குனீங்க?”

“நீங்க வாங்கிரக் கூடாதுன்னுதான்.”

கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? பக்கத்து ஊரில் மழையாம் என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏன் என்று கேட்டேன்.

“பெட்ரூம்ல டிவி வந்தா நீங்க ரெண்டு பேரும் உள்ள போயிருவீங்க தம்பி. விளம்பரம் வரும்போது நான் யார்கிட்ட பேசுறது?”

திட்டுவதற்கென்று வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அத்தனையும் திரும்ப என்னோடே வந்தது. அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து கல்யாணியிடம் சொன்னேன். அவள் முறத்தை எடுத்து அரிசி புடைத்தாள். நாளைக்கு வேண்டிய அரிசி, அடுத்த வாரத்துக்கு வேண்டிய அரிசி எல்லாவற்றையும் புடைத்துத் தள்ளினாள். விளக்கு வைத்ததும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் வந்து உட்கார்ந்து ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காபி ‘டங்’கென்ற சத்தத்தோடு வைக்கப்பட்டது. ஆனால் வைக்கப்பட்டது.

போன மாதம் மகன் வந்து அவரைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போனான். பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது. கிளம்பும் அன்று காலையில் ஒரு ஆட்டோ எங்கள் வாசலில் நின்றது. உள்ளே அந்தப் பெட்டி. பெட்டியைத் தொட்டு, முகர்ந்து, தட்டிப் பார்த்தார்.

“காஞ்சிருச்சு தம்பி. எறக்கிக்கங்க.”

எங்கள் தெருவில் அவர் கையால் தேறிய முதல் பொருள் அது. பணத்தைப் பற்றி வாயைத் திறக்கவிடவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு கல்யாணியைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, அந்தப் பொண்ணு புருஷனோட சேந்துச்சான்னு போன்ல சொல்லு. சம்பா அறுப்புக்கு வந்துருவேன்.”

அன்று மாலை கல்யாணி ஹாலில் சீரியல் போட்டாள். குறுக்கே பேச ஆளில்லை. ரிமோட் அவள் கையிலேயே இருந்தது. விளம்பரம் வந்தது, இருவரும் அதைக் கடைசிவரை பார்த்தோம். மறுபடி அந்தப் பெண் வந்து அழுதாள்.

“சொட்டு ஈரம் இல்ல” என்றாள் கல்யாணி, டிவியைப் பார்த்து.

பெட்ரூமில் பெட்டி அப்படியே இருக்கிறதே, பிரித்து மாட்டிவிடலாமா என்று கேட்டேன்.

“என்ன அவசரம்?” என்றாள். “சம்பா அறுப்பு வரைக்கும் காயட்டும்.”