செல்லாத செல்

கல்யாணமான ஆண்பிள்ளை எவனும் ஒரு மாதமாவது தன் வீட்டுக்குத் தானே ராஜாவாக இருந்து பார்க்க வேண்டும் என்று நான் தீர்மானித்தது, என் மனைவி நீரஜா பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது.

அவள் ஒன்றும் டில்லிக்குப் போகவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்துக்குத்தான். எங்கள் மேற்கு மாம்பலத்தில் பஸ் ஏறினால், பக்கத்து ஸீட்காரரின் பேப்பரை ஓசியில் படித்து முடிப்பதற்குள் வந்துவிடும். அங்கே அவள் அண்ணா கிச்சா இருக்கிறார். கிச்சாவின் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மன்னிக்கு அம்மா கிடையாது. கூட இருந்து பார்த்துக்கொள்ள நீரஜாவை விட்டால் ஆள் இல்லை.

"ஒரு மாசம் தனியா இருந்துடுவேளா?"

"ஒரு மாசம் என்ன, ஒரு வருஷம் இருப்பேன். ஹாய்யா இருப்பேன்!"

"ரெண்டு நாள் தாங்க மாட்டேள். ஏதாவது ஒரு சாக்கைச் சொல்லிண்டு அங்கே வந்து நிப்பேள்."

"நானா? நீயே வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சாலும் வர மாட்டேன்!"

சபதம் செய்வதில் எனக்கு இணை கிடையாது. காப்பாற்றுவதில்தான் கொஞ்சம் சிரமம்.

முதல் நாள் ஈரத்துண்டைக் கட்டில் மேல் எறிந்தேன். யாரும் கத்தவில்லை. காப்பித் தம்ளரை ரேடியோ தலையில் வைத்தேன். அதற்கும் கத்தவில்லை. ஆஹா, சுதந்திரம்! மறுநாளும் எறிந்தேன். அதற்கு மறுநாள் துண்டை நானே எடுத்து உலர்த்திவிட்டு, "கட்டில்ல ஈரத்துண்டைப் போடாதேங்கோன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அவள் குரலில் சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. அவள் சொன்னால் அந்த 'எத்தனை'யில் ஒரு இழுப்பு இருக்கும்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மாடியில் இருக்கும் வீட்டுக்கார அபயாம்பாள் மாமி பார்த்துக்கொண்டாள். அந்த இழுப்புக்குத்தான் ஏங்கிப் போனேன். போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் சபதம் என்று ஒன்று வழியில் படுத்திருக்கிறதே! நாணயமான சாக்கு ஒன்று வேண்டும்.

ஷேவர் கொடுத்தது.

கிச்சா கம்பெனி வேலையாக ஜெர்மனி போனபோது எனக்காக வாங்கிவந்த எலெக்ட்ரிக் ஷேவர். பிளக்கில் சொருகி சார்ஜ் ஏற்றிவிட்டால் போதும், வயரே இல்லாமல் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு முகமெல்லாம் ஓடும். வந்த புதிதில் எங்கள் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அப்போது ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் தாங்கும். போகப் போக நாட்கணக்கு. கடைசியில் கன்னக்கணக்கு. அன்று காலை வலது கன்னத்தை முடித்து மோவாய்க்கு வந்தது. ஒரு முனகல். நின்றுவிட்டது.

வேறு ஒருவனாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பான். நான் அதற்கு முத்தம் கொடுக்காத குறைதான். வீட்டில் பிளேடு இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. ஷேவரைத் துண்டில் சுற்றிக்கொண்டு அப்படியே பஸ் ஏறினேன்.

"இன்னா சார், சலூன்ல சண்டையா? பாதில எய்ந்து வந்துட்டியே!" என்றார் கண்டக்டர்.

கதவைத் திறந்த நீரஜா என் முகத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"தாங்கலையா?"

"என்ன தாங்கலை? பாட்டரிதான் தாங்கலை!" ஷேவரை நீட்டினேன்.

"ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் சாமியார். வாங்கோ உள்ளே."

கிச்சா ஷேவரைப் பிரித்துப் பார்த்தார். "உள்ளே ரெண்டு குட்டி செல் இருக்கு மாப்பிள்ளை. சார்ஜ் ஏத்தி ஏத்திக் கிழடாயிடுத்து. புதுசு போடணும்."

"டார்ச் லைட் செல்லைப் போட்டா?"

"சார்ஜ் ஏத்தறச்சே ஒழுகி மொத்தமும் பாழாயிடும். இது திரும்பத் திரும்ப சார்ஜ் ஏறற ஜாதி. பர்மா பஜார்ல தேடிப் பாக்கறேன். ஈயம் வெச்சுப் பத்த வேற வைக்கணும்."

"செல்லாத செல்லை எடுத்துட்டு செல்லும் செல்லைப் போடணும். அதை வாங்க நீர் செல்லும்!" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. குழந்தை மட்டும் அழுதது.

"நாளைக்கு ஆபீஸ் விட்டு வந்து கேளுங்கோ" என்றாள் நீரஜா.

போனேன்.

"அண்ணாவுக்கு செல் கிடைக்கலையாம். வந்ததுதான் வந்தேள், தூளியைக் கொஞ்சம் ஆட்டுங்கோ."

மறுநாள், "கிடைச்சுதாம், ஆனா அளவு சரியில்லையாம். மந்தைவெளி மார்க்கெட்ல பிஞ்சுக் கத்திரிக்கா வாங்கிண்டு வந்துடறேளா?"

அதற்கடுத்து, "அளவு சரியாயிடுத்து. பத்த வைக்கற கருவியை யாரோ இரவல் வாங்கிண்டு போயிட்டாளாம். இந்தக் குழந்தைத் துணியை அலசிப் போடுங்கோ."

அலசினேன். பிழிந்தேன். பம்ப் அடித்தேன். கிரைப் வாட்டர் வாங்கினேன். வெந்நீர் விளாவினேன். என் வீட்டில் ஒரு தம்ளரைக்கூட நகர்த்தாதவன், அங்கே தூளியை ஆட்டிக்கொண்டே கத்திரிக்காய் நறுக்கினேன். போகும் வழியில் கபாலி கோயில் கோபுரத்தைப் பார்த்து, 'ஈஸ்வரா, இன்னிக்கும் செல் வந்திருக்கக் கூடாது' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். தாடி குத்தும்.

ஆமாம், தாடி. சாக்குக்குச் சாட்சி வேண்டாமா? வளர விட்டிருந்தேன்.

அபயாம்பாள் மாமி ஒரு நாள் மாடிப்படியில் வழிமறித்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஏண்டா சுந்தரம், சொல்லவே இல்லையே! நீரஜாவுக்கு எத்தனாம் மாசம்?"

"ஐயோ மாமி, அதுக்காக வளர்க்கற தாடி இல்லை. பாட்டரி போயிடுத்து!"

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த வயசுலயேவா?" என்றாள்.

ஆபீஸில் மானேஜர் தனியாகக் கூப்பிட்டார். "என்ன சார், காதல் தோல்வியா?"

"காதல்தான் சார். பெண்டாட்டி மேலே."

ஒரு சாயங்காலம் குழந்தை தூங்கிவிட்டது. மன்னியும் அசந்திருந்தாள். தூளிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீரஜா. அவள் கை நீட்டி என் தாடியைத் தொட்டாள். "முள்ளா குத்தறது" என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை. அவள் கையில் வசம்பு வாசனை. 'நம்மாத்துக்கு வந்துடேன்' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

"செல் வந்துதா?" என்று கேட்டேன்.

"வரலை" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். சீக்கிரமே போய்விட்டேன். பின்கட்டிலிருந்து வண்டு ரீங்காரம். எட்டிப் பார்த்தேன். கிச்சா கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தார். கையில் என் ஷேவர்.

"அடடே மாப்பிள்ளை!" உப்பல் இறங்கிவிட்டது. "நீங்க குடுத்த மறுநாளே செல் கிடைச்சுடுத்து. பழசைக் கழட்டிட்டு, பிளஸ் மைனஸ் பாத்து நானே பத்த வெச்சேன். ஜோரா ஓடறது. நீரஜாதான் அவர்கிட்ட இப்போ சொல்லாதேன்னா. சும்மா கிடக்கறதேன்னு நான்…"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சில் பாயசம் பொங்கியது. சாக்கு தேடியது நான் மட்டும் இல்லை!

சமையலறைக்கு ஓடினேன். "நீரஜா, செல் மாத்தி எத்தனை நாளாச்சு?"

அவள் காது சிவந்தது. "அண்ணா உளறிட்டானா?"

"ஏன் மறைச்சே?"

"சொன்னா வாங்கிண்டு போயிடுவேள். அப்புறம் எந்தச் சாக்குல வருவேள்? பெரிய சபதம் வேற." குரலைத் தாழ்த்தினாள். "சாயங்காலம் ஆனா கேட் சத்தத்துக்குக் காதைத் தீட்டிண்டு நிக்கறேன், தெரியுமா?"

அதற்கு மேல் நான் நானாக இல்லை. "நீ கிளம்பு. நாளைக்கே நம்மாத்துக்கு வந்துடு!"

"எனக்கும் ஆசைதான். அண்ணா டூர் போறான். மன்னிக்குப் பத்தியக் கஞ்சி, வெந்நீர், தூளி, துணி… யார் பாத்துப்பா?"

"அதெல்லாம் ஒரு வேலையா? இத்தனை நாளா நான்தானே செய்யறேன்? கண்ணை மூடிண்டு செய்வேன்!"

"நிஜமாவா?"

"சத்தியமா!"

அவள் கண் பளபளத்தது. காதல் என்று நினைத்தேன்.

"மன்னி, கேட்டேளா?" என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அவர் லீவு போட்டுட்டு இங்கேயே இருந்து உங்களைப் பாத்துக்கறாராம். நாளைக்கு நான் ஆத்துக்குப் போறேன்!"

"நீரஜா, நான் சொன்னது நாம ரெண்டு பேரும்…"

"ரெண்டு பேரும் போயிட்டா எப்படி? சத்தியம் பண்ணியிருக்கேளே!"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனேன். இரண்டு கன்னமும் வழவழவென்று மழித்திருந்தேன். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுக்கப் போகிறார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீரஜா, ஏதாவது சொல்லிட்டுப் போயேன்."

ஜன்னலுக்கு வெளியே குனிந்தாள். அவள் கை என் கன்னத்துக்கு வந்தது. ஒரு நிமிஷம் அங்கேயே இருந்தது. என் காதருகே அவள் மூச்சு. கண்ணை மூடிக்கொண்டேன்.

"துணியெல்லாம் கொடியில கிடக்கு. மழை வரப்போறது, ஓடுங்கோ."