மூக்கு பாஸின் எஞ்சின்

ஹட்டன் பக்கத்து மலைகளில் காற்றைத் தன் பங்காளியாக நினைத்துச் சண்டை போட்ட ஒரே மனிதர் மூக்கு பாஸ்தான். மற்றவர்களுக்குக் காற்று என்றால் குளிர். அவருக்கு அது வாய்க்கால் வரப்புத் தகராறு.

கைத்தொழில் தெரிந்த ஆளை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இவருக்குத் தகர வேலை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கூரை ஒழுகினால் தகரம் மாற்றுவார், மழைத் தண்ணீர் ஓடப் பீலி அடிப்பார். அவருடைய மூக்கு சாதாரண மூக்குதான். பெயர் வந்தது எஞ்சினால்.

கொழும்பில் வேலை செய்த மகன் ஒரு பழைய போனைக் கொடுத்தனுப்பினான். எல்லோரும் போனில் பாட்டுப் பார்த்தார்கள். இவர் நீராவி எஞ்சின் பார்த்தார். அதுவும் எல்லா எஞ்சினும் இல்லை. காற்றைக் கிழித்து ஓடுவதற்காக உடம்பு முழுக்கத் தகடு போர்த்தி, முகத்தை வழுவழுவென்று வழித்துச் செய்த அந்தக் காலத்து எஞ்சின்கள் மட்டும். பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போதுகூடப் பக்கத்தில் நிற்பவன் முகத்துக்கு நேரே போனை நீட்டுவார்.

"பாத்தியா, இங்கிலாந்துக்காரன் நெத்தியச் சாய்ச்சு வெச்சிருக்கான். அமெரிக்காக்காரன் தொப்பி மாட்டிவிட்டிருக்கான். இந்தியாக்காரன் மூக்குல நச்சத்திரம். ஜெர்மன்காரன் சக்கரத்தையே மூடிட்டான். வெக்கம் தெரிஞ்சவன்."

எங்கள் ரயில் ஹட்டனுக்கு ஏறும் வேகத்தில் காற்று அதை முந்திக்கொண்டு போய் ஸ்டேஷனில் டீ குடிக்கும். அதைச் சொன்னால் பாஸுக்குக் கோபம் வரும். "மூக்கு வெச்சுப் பாரு, அப்ப தெரியும்" என்பார்.

ரயிலுக்கு வைக்க முடியாததால் கைக்குக் கிடைத்ததற்கெல்லாம் வைத்தார். கோழிக்கூண்டுக்குக் கூர்மூக்கு வைத்தார். உள்ளே போன கோழி திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே நடந்து வந்தது. எங்கள் கங்காணி வீட்டு அடுப்புப் புகைபோக்கிக்கு ஜெர்மன் மாடலில் மூடி போட்டார். புகை முழுவதும் வீட்டுக்குள் திரும்பியது. கங்காணி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடி வந்து, "என்னய்யா செஞ்சு வெச்சிருக்க?" என்று கேட்டார்.

"மூடி சரிதான். வீட்டத்தான் தப்பான பக்கம் பாத்துக் கட்டியிருக்கானுக."

அவரிடம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசக் கூடாது. அந்த எஞ்சின்கள் பலவற்றில் பின்னாளில் தகட்டை வெட்டிக் கழற்றிவிட்டார்கள். ரிப்பேர் பார்க்கக் கை நுழையவில்லை, சூடு வெளியே போகவில்லை என்று காரணம் சொன்னார்கள். பாஸ் அதை மன்னிக்கவே இல்லை.

"சோம்பேறிப் பயலுக. கை நொழையலன்னா கைய எளைக்க வெக்கணும். தகட்ட வெட்டுவானா ஒருத்தன்?"

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ட்ரெக்டர் இழுக்கும் தேரில் அம்மன் ஊர்வலம் வரும். கீழ் டிவிஷன் லயம் எல்லாம் சுற்றும். ஃபேக்டரி முச்சந்தியோடு நின்றுவிடும். மேல் டிவிஷனுக்கு வராது. தேர் உயரம், ரோட்டுக்குக் குறுக்கே கரண்ட் கம்பி தொங்குகிறது, மலை இடுக்கில் காற்று அடிக்கிறது என்பார்கள். கம்பியை உயர்த்திக் கட்டுங்கள் என்று கேட்டுக் கேட்டு எங்கள் தொண்டைதான் கட்டியது. ஓட்டுக் கேட்க வருகிறவனுடைய ஜீப் மட்டும் எந்தக் காற்றிலும் மேலே ஏறும்.

பாஸும் நானும் மேல் டிவிஷன். அவர் சம்சாரம் செல்லம்மாக்கா கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து இடுப்பு போனவர். இறக்கத்தில் இறங்க முடியாது. திருவிழா அன்று லயத்துக் கடைசியில் இருக்கும் கல்லில் உட்கார்ந்து, தப்பு மேளச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் பார்த்துச் சூடம் கொளுத்துவார். பாஸ் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வாயைத் திறந்தால் காற்றைத்தான் திட்டுவார்.

அந்த வருடக் கமிட்டிக் கூட்டத்தில் அவர் எழுந்தார். "தேர நான் செய்றேன். எஞ்சின் மாதிரி. தாழ்வா, கம்பிக்கு அடியில போற மாதிரி. மூக்கு வெச்சு."

கமிட்டித் தலைவர் கீழ் டிவிஷன்காரர். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்: "அம்மனுக்கு எஞ்சின் வாகனம் எந்த ஆகமத்துல இருக்கு?"

"ட்ரெக்டர் எந்த ஆகமத்துல இருக்கு?"

"அம்மன் சிங்கத்துல வர்றவ, பாஸ்."

"ஒங்க சிங்கம் டீசல்லதான ஓடுது."

கூட்டம் சிரித்துவிட்டது. தலைவருக்கு மூஞ்சி சிவந்தது. "சரி, செய்யி. ஆனா ஒண்ணு. இந்த வருசம் ஏறலன்னா, மேல் டிவிஷனுக்குத் தேர் வேணுங்கிற பேச்ச இனி ஒருத்தனும் எடுக்கப்படாது."

"எடுக்க மாட்டோம்" என்றார் பாஸ். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அவரே சொல்லிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஏனென்றால் ட்ரெக்டர் ஓட்டுகிறவன் நான்.

தார் பீப்பாய்களை வெட்டி, தட்டி, நிமிர்த்தி, ட்ரெக்டரையும் அது இழுக்கும் பெட்டியையும் சேர்த்து ஒரே தகட்டால் மூடினார். இங்கிலாந்து நெற்றி, இந்திய நட்சத்திரம், சக்கரத்தை மூட ஜெர்மன் பாவாடை. நீலப் பெயின்ட். எனக்குப் பார்க்க ஒரு சிறு ஜன்னல். உள்ளே இருந்து பார்த்தால் முன்னால் போகிற ஆட்டின் வால் தெரியும், ஆடு தெரியாது.

"பாஸ், பொனட் தெறக்க வழி வெக்கலையே?"

"எதுக்குத் தெறக்கணும்? ஓட்டத்தான போற?"

திருவிழா அன்று மத்தியானம் கீழ் டிவிஷன் சுற்றி முடித்து ஏறத் தொடங்கினோம். கம்பி வந்தது. கம்பிக்கும் தேருக்கும் நடுவே ஒரு கை இடைவெளி. கூட்டம் அரோகரா போட்டது. மலை இடுக்கு வந்தது. தேர் இம்மியும் ஆடவில்லை. பாஸ் கூடவே நடந்து வந்து, "காத்து எங்கடா? கிழிச்சாச்சுல்ல" என்றார். அன்று காற்றே அடிக்கவில்லை. அதைச் சொன்ன கங்காணியோடு அவர் இன்றுவரை பேசுவதில்லை.

கடைசி வளைவில் ட்ரெக்டர் முனகியது. பிறகு தகட்டு இடுக்கெல்லாம் வெள்ளையாக ஆவி வந்தது. பின்னால் வந்த கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "பாஸ் நெசமாவே நீராவி வெச்சிருக்காருடா" என்று ஒருவன் கை தட்டினான். நான் வெந்துபோய் வெளியே குதித்தேன்.

"ரேடியேட்டர் கொதிக்குது பாஸ். உள்ள காத்தே போகல. தகட்ட வெட்டணும்."

"வெட்டச் சொல்றியா? என்னையவா?"

தலைவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "நான் அப்பவே சொன்னேன். அம்மனத் திருப்புங்க. எறக்கத்துல தள்ளியே கொண்டு போயிரலாம்."

வளைவைத் தாண்டி எட்டிப் பார்த்தால் மேலே எங்கள் லயம் தெரிந்தது. கடைசிக் கல்லில் செல்லம்மாக்கா உட்கார்ந்திருந்தார். வளைவுக்கு இந்தப் பக்கம் நின்ற தேர் அவர் கண்ணில் படாது. தப்புச் சத்தம் நின்றதும் அவர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு சூடத்தை எடுத்துச் சத்தம் கடைசியாகக் கேட்ட பக்கம் வைத்தார்.

பாஸ் அதைப் பார்த்தார். இடுப்பிலிருந்து தகரக் கத்தரியை உருவினார். முதலில் ஜெர்மன் பாவாடை போனது. அடுத்து நெற்றி. நட்சத்திரத்துக்கு வந்ததும் கை ஒரு நொடி நின்றது. அதையும் வெட்டினார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது, துடைக்கவில்லை.

தேர் வாசலுக்கு வந்ததும் ஊற்றுவதற்காக மேல் டிவிஷன் பெண்கள் குடங்களில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்திருந்தார்கள். சேதி கேட்டு அந்தக் குடங்களோடு இறங்கி ஓடி வந்தார்கள். ரேடியேட்டர் ஆறுகிற வரை நின்று, மூடியைத் திறந்து, வேப்பிலையை வடித்துவிட்டு ஊற்றினேன். அம்மனுக்கு முன்னால் என் ட்ரெக்டருக்குத்தான் மஞ்சள் நீராட்டு நடந்தது. தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் கண்டுகொள்ளவில்லை. சாவியைத் திருகினேன். பிடித்தது.

பாதி தோல் உரிந்த எஞ்சினில் அம்மன் எங்கள் லயத்துக்கு வந்தாள்.

செல்லம்மாக்கா கும்பிட்டார், அழுதார், கண்ணைத் துடைத்துக்கொண்டு தேரை மேலும் கீழும் பார்த்தார். "என்னங்க இது, எலி கரம்புன மாதிரி?"

"உள்ளுக்குக் காத்து போகணும்ல" என்றார் பாஸ். கிழிந்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "பாவம், அன்னிக்குத் தகட்ட வெட்டுன அந்தப் பயலுக. சும்மா திட்டிட்டேன்" என்றார்.

இப்போது தேர் வருடா வருடம் மேலே வருகிறது. தகட்டில் காற்றோட்டத்துக்கு ஓட்டை இருக்கிறது. கம்பி இன்னும் அதே இடத்தில்தான் தொங்குகிறது.

அன்று வெட்டி எறிந்த தகட்டைப் பொறுக்கி, செல்லம்மாக்கா உட்காரும் கல்லுக்கு மேலே பாஸ் ஒரு கூரை போட்டார். அதற்கும் மூக்கு வைத்தார். மழை பெய்தால் தண்ணீர் மூக்கு வழியாக நேராக அக்காவின் மடியில்தான் விழும். அக்கா குடை பிடித்துக்கொண்டு அந்தக் கூரைக்குக் கீழே உட்காருவார். போன மாதம் கமிட்டிக்காரன் ஒருவன் அதைக் கழற்றிவிட்டு நல்ல கூரை போடலாம் என்று வந்தான். அந்த மூக்கில் கை வைத்தால் அவன் மூக்கு இருக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.